ஊர் வெட்டிய புங்கமரம்

வடக்கனந்தல்,
8-3-1987

அன்புத் தங்கை அருள்மொழிக்கு அண்ணன் அரங்கநாதன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி பச்சையம்மாளும் செல்வியும் சௌக்கியம். மலைக்காற்றில் உன் இருமல் தணிந்ததா, மாப்பிள்ளை ஆதிமூலத்துக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

பிறகு என்று சொன்னேனே தவிர என்னால் பொறுக்க முடியவில்லை. ஜீப் ஓடிவிட்டது! டீசலில் இல்லை, புங்க எண்ணெயில். நேற்றுக் காலை பட்டறையில் கிளப்பி, ஏரிக்கரை வளைவைத் தாண்டி, கோமுகி அணை வரைக்கும் போய்த் திரும்பினேன். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. புகையின் வாசனை மட்டும் கோயிலில் விளக்கு அணைந்த மாதிரி. "இன்னா இது, வண்டி போவுதா, சாமி போவுதா?" என்று உன் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வேலை ஒன்றும் பெரிய மாயம் இல்லை. வண்டியில் இரண்டு டேங்க். சின்னதில் டீசல், பெரியதில் எண்ணெய். எண்ணெய் கெட்டியானது, அதனால் அது வரும் குழாயை சைலன்சரைச் சுற்றி விட்டுச் சூடாக்கியிருக்கிறேன். டீசலில் கிளப்ப வேண்டும், என்ஜின் சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் டீசலுக்குத் திருப்பி எண்ணெயைக் கழுவிவிட வேண்டும். அதை மறந்தால் எண்ணெய் பம்புக்குள் பிசினாகிவிடும்.

எதற்கு இந்த வேலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். போன தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னாய், பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைத் தூளி கட்டி மலையிறக்கினார்கள், பாதி வழிக்கு மேல் அவள் தாங்கவில்லை என்று. எனக்கு அன்றைக்கு பட்சணம் இறங்கவில்லை. மலையில் டீசல் பங்க் கிடையாது, நாளுக்கு ஒரு பஸ். மலையில் விளையும் எண்ணெயிலேயே மலைக்கு ஒரு வண்டி ஓடட்டும். நோயாளி என்றால் எந்த நேரமும் கிளம்பட்டும். அதுதான் என் எண்ணம்.

முதல் டின் எண்ணெய் ஏரிக்கரை வளைவில் நிற்கும் பெரிய புங்கமரம் போட்டது. அது ஒன்றை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? மலையில் விதை சேர்க்க வழி பார். செல்விக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது. இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
உன் அண்ணன்,
அரங்கநாதன்

*

வெள்ளிமலை,
22-3-1987

அன்புள்ள அண்ணனுக்கு அருள்மொழியின் வணக்கம். அண்ணிக்கும் செல்விக்கும் என் அன்பு.

இருமல் போய்விட்டது. உங்கள் மாப்பிள்ளையின் மூட்டுவலி சொசைட்டிக்கு வேலைக்குக் கிளம்பும்போது வருகிறது, சாப்பாட்டு நேரத்தில் போய்விடுகிறது. ஆகவே நாங்கள் நலம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை சத்தமாக. சந்தோஷமாக இருந்தது அண்ணா. ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, அதனால் கணக்கு வாத்தியாரம்மாவாகச் சில கேள்விகள். லிட்டருக்கு எவ்வளவு தூரம் போகிறது? ஒரு லிட்டருக்கு எவ்வளவு விதை? செக்கு மோட்டாரில்தானே ஓடுகிறது, அந்தக் கரண்ட்டை யார் கணக்கில் எழுதுவீர்கள்? விதை பொறுக்குகிறவர்கள் காட்டில் நடக்கிற நடையை எதில் சேர்ப்பீர்கள்?

கடைசிக் கேள்வி என்னுடையது இல்லை, இருசம்மாளுடையது. எங்கள் பள்ளிக்கூடத்து விடுதிக்கு விறகும் கீரையும் கொண்டுவரும் மலைக்காரப் பெண், என் வயதுதான். தனிக்கட்டை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. மலையில் எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். ஜீப் கதையைச் சொன்னதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "காயை அடிச்சிப் பொறுக்கறது நானு, ஓடறது மட்டும் அண்ணாத்த வண்டியா? ஒரு தபா என்னை முன்சீட்டுல ஒக்கார வெச்சிக்கினு போவச் சொல்லு, அப்பறம் பாக்கலாம்" என்றாள்.

சொல்லிவிட்டு மறுநாளே ஒரு கூடை விதை கொண்டுவந்து வைத்துவிட்டாள். புளியும் கடுக்காயும் வாங்குகிற மாதிரி புங்கவிதையையும் சொசைட்டியில் வாங்க உங்கள் மாப்பிள்ளை மேலே எழுதிக் கேட்டிருக்கிறார்.

செல்வியிடம் கண் விழித்துப் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.
அன்புத் தங்கை,
அருள்மொழி

*

வடக்கனந்தல்,
26-4-1987

அன்புத் தங்கைக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

வாத்தியாரம்மாவுக்குப் பதில். டீசலில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகிற வண்டி எண்ணெயில் பத்தரை போகிறது. நாலு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் எண்ணெய். மிஞ்சுகிற புண்ணாக்கைக் கரும்புக்காரர்கள் உரத்துக்குச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். செக்கு மோட்டாரின் கரண்ட் என் கணக்கில் வருகிறது, உன் அண்ணி தினம் அதை ஞாபகப்படுத்துகிறாள். இருசம்மாள் நடக்கிற நடையை எதில் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. முன்சீட்டு அவளுக்குத்தான் என்று சொல்லிவிடு.

மற்ற வழிகளையும் யோசிக்காமல் இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பாகுக் கழிவு மிஞ்சுகிறது. அதைக் காய்ச்சி வடித்த ஸ்பிரிட்டில் கார் ஓடும். அதைச் சொன்னதும் நம் டிரைவர் பிச்சைமுத்துவின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து அந்த யோசனையை விட்டுவிட்டேன். பாட்டரியில் ஓடும் கார் வெளிநாட்டில் இருக்கிறதாம். நம் ஊர்க் கரண்ட்டை நம்பி சார்ஜ் போட்டால் விடிந்ததும் வண்டியை நாம்தான் தள்ள வேண்டும்.

கரி கேஸ் ஒன்றுதான் மனசை இழுத்தது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தக் கேஸில் ஓட்டினார்களாம். பட்டறையில் ஒரு வாரத்தில் செய்துவிடுவேன். ஆனால் ஒரு ஜீப் வருஷம் முழுக்கக் கரியில் ஓடினால் உங்கள் மலையில் எத்தனை மரம் அந்த அடுப்புக்குள் போகும்! மரத்தைக் கொன்று வண்டி ஓட்டுகிற பாவம் எனக்கு வேண்டாம். புங்கத்தில் அந்த வம்பே இல்லை. மரம் பாட்டுக்கு நிற்கும், காய் விழும், வண்டி ஓடும். இதைவிட என்ன வேண்டும்?

ஏரிக்கரை மரம் இப்போது பூத்துக் கொட்டுகிறது. அதன் நிழலில்தான் வண்டியை நிறுத்திச் சரிபார்க்கிறேன். "பொண்டாட்டியக் கூட இப்பிடி நின்னு பாத்ததில்ல" என்று உன் அண்ணி குறைப்படுகிறாள்.

அன்புடன்,
அரங்கநாதன்

*

வெள்ளிமலை,
14-6-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்து முதுகுவலி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த மலைப்பாதையில் வந்தவர்களுக்கு இரண்டு நாளைக்கு நிமிர வராது.

நீங்கள் போன பிறகு இங்கே வேறு பேச்சே இல்லை. விடுதிப் பிள்ளைகள் ஜீப்பின் பின்னாலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடினார்கள். இருசம்மாள் முன்சீட்டில் கரியாலூர் வரை போய் வந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "நான் பொறுக்குன காயி நாலு கூடை, அதுல என்னையே தூக்கிக்கினு போவுதே" என்று அவளுக்கு ஆச்சரியம் தீரவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை அண்ணா.

சொசைட்டியில் சம்மதம் வந்துவிட்டது. இந்த வருஷத்து விதையை அவரவர் வீட்டில் காயவைத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மழைக்கு முன்னால் ஒரு நடை, புரட்டாசியில் ஒரு நடை ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வண்டி மலையிலேயே தங்கினால், தூளி கட்டுகிற வேலை இந்த ஊர்களுக்கு இல்லாமல் போகும். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

செல்வியின் மார்க்கைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? எதுவானாலும் எழுதுங்கள்.
உங்கள் அன்புத் தங்கை,
அருள்மொழி

*

வடக்கனந்தல்,
9-8-1987

அருள்மொழிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

செல்விக்கு சீட் கிடைக்கவில்லை. இரண்டே மார்க்கில் போயிற்று. பட்டணத்தில் டியூஷன் வைத்துப் படித்த பிள்ளைகளோடு, பட்டறைச் சத்தத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை ஓடினால் எப்படி ஜெயிக்கும்? எங்கள் தெருவிலிருந்து இன்று வரை ஒருத்தரும் இன்ஜினியரிங் படித்ததில்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பேசாமல் வந்து பட்டறையில் ஸ்பேனரை எடுத்துத் துடைத்து அடுக்கி வைத்தாள்.

நம் ஜனங்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுக் கூட்டம் நடக்கிறது. இதுவரை நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, உனக்குத் தெரியும். இப்போது போகிறேன். அங்கே பேசுகிறவர்கள் என் வீட்டுக் கதையைத்தான் பேசுகிறார்கள்.

புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் பிச்சைமுத்து ஜீப்போடு வருவான். விதையைத் தயாராக வை.

அரங்கநாதன்

*

வெள்ளிமலை,
10-9-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

அட்டையில் இடம் கம்மி, அதனால் சுருக்கமாக. நாங்கள் சுகம். அண்ணியின் கைகால் குடைச்சல் தேவலையா?

அடுத்த வாரம் ரோடு மறியல், ஒரு வாரத்துக்கு ஒரு வண்டியும் ஓடாது என்று கீழே போய் வந்த வாத்தியார்கள் சொல்கிறார்கள். நீங்களும் போவீர்களா? போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, செல்வியின் முகம் முன்னால் வருகிறது. ஜாக்கிரதையாக இருங்கள், அவ்வளவுதான்.

பிச்சைமுத்து மறியலுக்கு முன்னால் வந்து திரும்பிவிட்டால் நல்லது. இருசம்மாள் தன் வீட்டு மூட்டையை ஓடை தாண்டித் தானே கொண்டுவருவாளாம், வண்டியை அவளுக்காக நிறுத்தி வைக்க வேண்டுமாம்.

அருள்மொழி

*

வெள்ளிமலை,
12-10-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தபால் ஓட ஆரம்பித்தும் வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் அண்ணியும் செல்வியும் எப்படி இருக்கிறீர்கள்?

அன்றைக்கு நடந்ததில் கடைசிப் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். முன்பாதியைச் சொல்கிறேன், அண்ணிக்கும் படித்துக் காட்டுங்கள்.

பிச்சைமுத்து வந்து சேர்ந்த மறுநாளே மறியல் தொடங்கிவிட்டது. பஸ் வரவில்லை, ஜீப்பும் எங்களோடு மலையில் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மழை. விதையை நனையாமல் கொண்டுவந்துவிடலாம் என்று இருசம்மாள் மூட்டையைத் தலையில் வைத்து ஓடையைக் கடந்திருக்கிறாள். பாறை வழுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நர்சம்மா கட்டுப் போட்டுவிட்டு, இதற்கு மேல் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

பிச்சைமுத்துவிடம் ஒரு புட்டி டீசல்தான் மிச்சம். கிளப்புவதற்கே சரியாகப் போயிற்று. "வாத்தியாரம்மா, வழியில எங்கியும் அணைக்கக் கூடாது. அணைச்சா இது ஜீப்பு இல்ல, கட்டிலு" என்றான். அப்புறம் முழுக்க எண்ணெயில்தான். அத்தனை வளைவிலும் ஒரு தடவைகூட திணறவில்லை அண்ணா. நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும். வலியோடு வலியாக இருசம்மாள் என்னைப் பார்த்து, "ஓடுது பாத்தியா" என்றாள்.

ஏரிக்கரை வளைவு வரைக்கும் வந்தோம். அங்கே நம் புங்கமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது, பச்சைக் காயோடு.

கூட்டத்தை ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். "ஆஸ்பத்திரி கேஸு, வழி வுடுங்கடா" என்று அவர்களே கத்தினார்கள். மரத்தை நகர்த்தத்தான் முடியவில்லை. அப்போதுதான் கூட்டத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள். எங்கிருந்தோ ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. முன்காலை நீங்கள் பிடித்தீர்கள், நான் அவள் தலைமாட்டில் நடந்தேன். கள்ளக்குறிச்சி வரைக்கும் எத்தனை மரம் தாண்டினோம்! ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் மாறினார்கள், நீங்கள் மட்டும் மாறவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஜீப்பில் நேராகப் போயிருந்தால் மத்தியானத்துக்கு முன் சேர்ந்திருப்போம். அதற்குள் புண்ணில் விஷம் ஏறிவிட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை. கால் கோணலாகத்தான் கூடும், மலை ஏறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தூளி கட்டித்தான்.

நீங்கள் கட்டிலைத் தூக்கியபோது உங்கள் தலைமுடியில் மரத்தூள் இருந்தது. தட்டிவிடலாம் என்று கை போயிற்று. அத்தனை பேர் நடுவில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மரத்தை யார் வெட்டினார்கள் அண்ணா?

அருள்மொழி

*

வடக்கனந்தல்,
25-10-1987

அருள்மொழிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் சுகம்.

மரத்தை ஊர் வெட்டியது.

இறக்கத்தில் என்ஜின் திணறவில்லை என்று எழுதியிருந்தாய். ஏற்றத்தில் எப்படி இருந்தது என்று பிச்சைமுத்துவிடம் கேட்டுக்கொள்கிறேன். இருசம்மாளுக்கு முட்டையும் பாலும் கொடு.

அரங்கநாதன்

*

வடக்கனந்தல்,
6-12-1987

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும் செந்தமிழ்ச்செல்வி வணக்கம் சொல்லி எழுதுவது.

அம்மாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். அப்பா ஊரில் இல்லை. மறியலுக்காக நிறையப் பேர் மேல் கேஸ் போட்டு போலீஸ் வந்து போகிறது, அதனால் எலவனாசூர்கோட்டையில் பெரியம்மா வீட்டில் இருக்கிறார். நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் இங்கேதான் இருக்கின்றன. பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம் அத்தை.

ஜீப் அன்றைக்கு ஏரிக்கரையில் ஓடிக்கொண்டே நின்று, தானாக அணைந்துவிட்டது. டீசலில் கழுவாமல் நின்றதால் பம்பு முழுக்கப் பிசின். மாட்டைக் கட்டித்தான் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். அப்பா அதைத் தொடவே இல்லை. "எண்ணெய்ச் செலவே தவிர புள்ள பொழச்ச பாடு இல்ல" என்று அம்மா புலம்பினாள். அதனால் நானும் பிச்சைமுத்து அண்ணனும் பம்பைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்தோம். போன வாரம் வண்டி கிளம்பிவிட்டது! டீசலில்தான். எண்ணெய் ஆட்ட மலையிலிருந்து விதை வரவில்லை. ஏரிக்கரை மரமும் இல்லை.

அப்பா போவதற்கு முன்னால் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனார். அந்த மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றி ஆடு வராமல் முள் வெட்டிப் போட வேண்டும், வெட்டு வாய் காய்ந்தால் சாணி அப்ப வேண்டும். ரோட்டோரம் விழுந்த மரம் எத்தனையோ இருக்க, இதற்கு மட்டும் எதற்கு என்று தெரியவில்லை. கேட்டால், "செய்யின்னா செய்யேன்டி" என்றார். செய்துகொண்டிருக்கிறேன்.

வருகிற வருஷம் மறுபடியும் பரீட்சை எழுதப் போகிறேன்.

இருசம்மாள் அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
உங்கள்,
செல்வி

*

எலவனாசூர்கோட்டை,
31-1-1988

அன்புத் தங்கைக்கு,

ஆறு மாதமாக உனக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பெரியம்மா வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான், கணக்குப் போடுவான். டீசல், எண்ணெய், கரி, ஸ்பிரிட் எல்லாவற்றுக்கும் போட்டேன். எதில் போனால் தூரம், எதில் புகை ஜாஸ்தி, எதற்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று பார்த்தேன். எப்படிப் போட்டாலும் புங்க எண்ணெய்தான் ஜெயிக்கிறது. ஒன்றே ஒன்று அதில் வரவில்லை. அதைக் கடிதத்தில் எழுத முடியவில்லை.

போராட்டம் தப்பு என்று நான் எப்போதும் சொல்ல மாட்டேன். செல்வியைப் பார்க்கும்போதெல்லாம் சரி என்றுதான் படுகிறது. இருசம்மாளை நினைக்கும்போது அந்தக் கட்டிலின் கனம் கையில் தெரிகிறது. மறியலும் அந்த நடையும் ஒரே ரோட்டில் நடந்துவிட்டன.

அவள் பிடித்து நடக்க ஒரு ஊன்றுகோல் கடைந்து அனுப்புகிறேன். மலைப்பாதையில் வழுக்காமல் இருக்க அடியில் பூண் போட்டு டயர் ரப்பர் வைக்க வேண்டும். அவள் உயரம் எவ்வளவு என்று எழுது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அரங்கநாதன்

*

வெள்ளிமலை,
1-5-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் வீடு வந்து சேர்ந்ததை செல்வி எழுதியிருந்தாள். இங்கே எல்லோரும் நலம். அண்ணி கையால் சாப்பிட்டு உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊன்றுகோல் நன்றாக இருக்கிறது. இருசம்மாள் அதை யார் கையிலும் கொடுப்பதில்லை. போன வாரம் அவளைக் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வடக்கனந்தலில் இறங்கி உங்களைப் பார்த்திருக்கலாம். பஸ்ஸை விட்டால் திரும்ப முடியாது என்று வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பும்போது ஏரிக்கரை வளைவில் பஸ் சூடாகி நின்றுவிட்டது. கண்டக்டர் தண்ணீர் கொண்டுவர ஏரிக்குப் போனார். இருசம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு இறங்கி, நேராக அந்தப் புங்கங்கட்டைக்குப் போனாள். நானும் போனேன். முள்வேலிக்குள் ஆள் உயரத்துக்குத் தளிர் எழும்பியிருக்கிறது அண்ணா, பளபளவென்று. அவள் வேலிக்குள் கையை விட்டு வெட்டுவாயைத் தடவிப் பார்த்தாள். ரோட்டோரத்து மற்ற மரங்களைத் தூரோடு கொத்திக் கூழாக்கியிருந்தார்கள். அவற்றையும் திரும்பிப் பார்த்தாள்.

"இத்த யாரு வெட்டுனது?" என்று கேட்டாள்.

"ஊர் வெட்டியது" என்றேன்.

"ஊருக்கு ஏதும்மா கையி? இது ஒர்த்தன் கையி. இடுப்பு உசரத்துல நிறுத்தி, மழத்தண்ணி தேங்காத சாய்வா அறுத்து, சாணி அப்பியிருக்கான். அறுக்கும்போதே திரும்பத் தழையணும்னு நெனச்சிக்கினுதான் அறுத்திருக்கான், பாவி."



ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை அந்தக் கட்டையின் தூரில் ஊற்றிவிட்டு பஸ் ஏறினாள். ஏறும்போது கோணல் காலை நான் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் உங்களுக்கு ஒரு சேதி சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்.

"இனிமே நான் காடு ஏறிக் காயி பொறுக்க முடியாது. தளிரு காய்க்க நாலஞ்சு வருசம் ஆவும். அதுவரிக்கும் அண்ணாத்தய டீசலே ஊத்தி ஓட்டிக்கினு இருக்கச் சொல்லு. ஆனா வண்டிய மலையில கொணாந்து வுடச் சொல்லு. முன்சீட்டு என்னுது."

அண்ணிக்கும் செல்விக்கும் என் அன்பு. எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
அருள்மொழி